செவன் சிஸ்டர்ஸ்: குளிர்காலத்தில் நடக்கலாமா?

இங்கிலாந்தின் தென்கரையில், சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே கடலையொட்டி நிற்கிற வெள்ளைப் பாறைச் சுவர்தான் செவன் சிஸ்டர்ஸ். கோடையில் போனால் திருவிழாக் கூட்டம். நான் போவது நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். ஒன்பது குளிர்காலமாக லண்டனிலிருந்து போய்வருவதால், யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில்.

டிசம்பரில் ஒரே நாளில் சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை முழுவதும் நடந்துவிட முடியுமா அண்ணா? (ஹாரோவிலிருந்து ஒரு தம்பி)

கால் ஒத்துழைக்கும், வெளிச்சம் ஒத்துழைக்காது. மொத்தம் 21, 22 கிலோமீட்டர். தட்டையான பாதையும் இல்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகவேண்டும். சாப்பாடு, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். டிசம்பர் நடுவில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது. நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். சீஃபோர்டில் எட்டரைக்குள் நடக்கத் தொடங்க முடியாது என்றால் முழுப் பாதையை மறந்துவிடுங்கள்.

முதல் வருடம் நான் பத்தரைக்குத்தான் கிளம்பினேன். ஈஸ்ட்போர்னுக்கு முன்னால் வரும் உயரமான பாறைமுனை பீச்சி ஹெட். அது வரும்போதே இருட்டிவிட்டது. 30 சதவீதம் சார்ஜ் இருந்த போன் குளிரில் பொட்டென்று அணைந்தது. கீழே ஈஸ்ட்போர்ன் விளக்குகள் அழகாகத் தெரிகின்றன, காலடியில் பாதை தெரியவில்லை. கடைசி இறக்கத்தில் பாதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தேன். இப்போது தலையில் கட்டும் டார்ச் இல்லாமல் போவதில்லை.

நேரம் குறைவாக இருந்தால் குன்றுகளுக்கு மேற்கே இருக்கும் எக்சீட்டில் பேருந்திலிருந்து இறங்கி, ஏழு குன்றுகளையும் தாண்டி, அவற்றின் கிழக்கு முனையில் இருக்கும் பர்லிங் கேப்பில் முடித்துக்கொள்ளுங்கள். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். அங்கிருந்து உள்பக்கம் ஈஸ்ட் டீன் கிராமம் இருபது, இருபத்தைந்து நிமிட நடை. பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் பேருந்து அந்த வழியாக வரும்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

சீஃபோர்டு பக்கம். தென்மேற்குக் காற்றுதான் அங்கே அதிகம், மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் அது முதுகைத் தள்ளும். எதிர்த்து நடந்தால் முகத்தில் அறையும். இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வீடுகளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் அலையலையாகப் போகுமே, அந்தப் பிரபலமான படம், அது சீஃபோர்டு ஹெட் பக்கத்திலிருந்து எடுப்பது. ஈஸ்ட்போர்னில் இறங்கி நாள் முழுக்கத் தேடிவிட்டு, "எங்கே அந்த இடம்?" என்று எனக்கு போன் செய்தவர்கள் மூன்று பேர்.

விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? வேலி கிடையாதாமே?

பெரும்பகுதிக்கு வேலி கிடையாது. நான் குறைந்தது பத்து காலடி தள்ளியே நடப்பேன், காற்று பலமாக இருந்தால் இன்னும் தள்ளி.

இந்தப் பாறை கருங்கல் இல்லை, சாக்பீஸ் ஜாதி. எட்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. கையில் எடுத்தால் விரலில் மாவு ஒட்டும். அலை அடியை அரிக்கிறது. மேலே பெய்த மழை விரிசலில் இறங்கி, உறைந்து, விரிந்து, பாறையைப் பிளக்கிறது. ஆக, குளிர்காலம்தான் சரிவுக்குத் தோதான காலம். வருடத்துக்குக் கொஞ்சம் என்று ஒழுங்காகவும் உதிராது. பல நாள் சும்மா இருக்கும், பிறகு ஒரு வீடு அகலத்துக்கு ஒரே நொடியில் போய்விடும்.

சுவர் அத்தனை வெள்ளையாக இருப்பதே அது விழுந்துகொண்டே இருப்பதால்தான். விழுவது நின்றுபோன இடத்தில் புல்லும் செடியும் மூடிப் பச்சையாகிவிடும். நாம் ரசிக்கப் போவது நேற்றோ போன மாதமோ உடைந்த முகத்தை.

மேலே நிற்பவருக்குக் காலடியில் பாறை இருக்கிறதா, வெறும் புல் தொங்குகிறதா என்று தெரியாது. 2017இல் இங்கே படத்துக்காகத் துள்ளிக் குதித்த ஒரு மாணவி தவறி விழுந்து இறந்துபோனார். அடிவாரத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து டிபன் பிரிப்பவர்களையும் பார்க்கிறேன், அதுவும் வேண்டாம். கடற்கரையில் நடப்பதென்றால் ஓதம் பார்த்துக்கொள்ளுங்கள், நீர் ஏறினால் ஒதுங்க இடமிருக்காது. ஏதாவது ஆகிவிட்டால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா?

போதாது. மழை பெய்த சாக் மண் சோப்புக்கட்டி மாதிரி. நாலு எட்டு வைப்பதற்குள் வெள்ளைச் சேறு அடியில் அப்பி, பள்ளமெல்லாம் அடைத்து, ஷூ அம்மிக்கல் கனம் கனக்கும். கணுக்கால் வரை வரும், அடியில் ஆழமான பிடிப்புள்ள பூட்ஸ் வாங்குங்கள். இறக்கத்தில் தேய்ந்த வெள்ளைத் தடத்தை விட்டு, விளிம்பு இல்லாத பக்கத்துப் புல்லில் நடங்கள். குடை கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் திரும்பி வராது.

அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார், 66 வயது, முழங்கால் வலி. ஜனவரியில் கூட்டிப்போகலாமா? அக்கா ஒருத்தி கேட்கிறேன். (ஈஸ்ட் ஹாம்)

தாராளமாக, ஆனால் குன்றுகளில் ஏற்ற வேண்டாம் அக்கா. சீஃபோர்டில் சவுத் ஹில் பார்ன் வரை காரில் போய்விடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே ஏழு சகோதரிகளும் வரிசையாகத் தெரிவார்கள். கீழே வீடுகள் வரை இறங்கினால் திரும்ப ஏறவேண்டும், அதனால் மேலேயே நின்றுவிடுங்கள். காதை மூடிய குல்லாய் கட்டாயம். சேலை கட்டினால் உள்ளே தெர்மல் பேன்ட் போடச்சொல்லுங்கள். என் அத்தை அப்படித்தான் வந்தார், பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்சு விட்ட மாதிரில்ல இருக்கு" என்றார்.

சீஃபோர்டுக்கும் குன்றுகளுக்கும் நடுவே ஓடும் கக்மியர் ஆற்றைக் குறுக்கே இறங்கிக் கடக்க முடியுமா?

நீர் வற்றும்போது சிலர் இறங்குகிறார்கள். குளிர்காலத்தில் நினைக்கவே வேண்டாம். எக்சீட் பாலம் வரை உள்ளே போய்ச் சுற்றி வாருங்கள். ஆறு பாம்பு மாதிரி வளைவதைப் பார்க்க அதுதான் வழி.

சாப்பாடு?

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் கஃபே இருக்கிறது, குளிர்காலத்தில் மூடும் நேரம் சீக்கிரம். நான் புளிசாதமும் ஃபிளாஸ்கில் டீயும் கொண்டுபோவேன்.

பனிமூட்டமாக இருந்தால்?

திரும்பிவிடுங்கள். அங்கே உச்சியில் பெல் டவுட் என்று ஒரு பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மூடுபனியில் அதன் வெளிச்சம் கப்பலுக்குத் தெரியாமல் போனதால்தான் 1902இல் பீச்சி ஹெட் அடியில், கடலுக்குள்ளேயே, இப்போதுள்ள சிவப்பு வெள்ளை விளக்கத்தைக் கட்டினார்கள். விளிம்பு நெருங்கி வந்ததால் பழையதை 1999இல் அப்படியே 17 மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள்.

நான் எண்ணியபோது எட்டு குன்று வந்தது. தப்பா?

தப்பில்லை, எட்டுதான். ஏழு என்பது பெயரில் மட்டும்.