நீங்கள் நேரில் பார்த்த பழைய வங்கிக் கட்டடங்களில் மறக்க முடியாதது எது?

சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ஸ்டேட் பேங்க் கட்டடம்தான். 2011-ல் அப்பாவோடு போனேன்.

அப்பா சேலத்தில் அதே வங்கியின் ஒரு கிளையில் முப்பது வருடம் கேஷியராக இருந்தவர். பேச்சுக்குப் பேச்சு "மெட்ராஸ் மெயின் பிராஞ்ச்" என்பார். ஆனால் உள்ளே காலை வைத்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். முகூர்த்தம் மறுநாள்தான். "கண்ணு, ஒரு எட்டு பீச் பக்கம் போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டார்.

ரோட்டின் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே அவருக்கு மலர்ச்சி. ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சி சேர்மன் ஆனவர் அல்லவா! "நம்மூரு சேர்மன் ரோடு" என்றார்.

சிவப்புச் செங்கல், வளைவுகள், மேலே குட்டிக் குட்டிக் கும்மட்டங்கள். மெட்ராஸ் பேங்க் 1897-ல் கட்டி முடித்த கட்டடம் இது. வடிவமைப்பு ஹென்றி இர்வின், கட்டுமானம் நம்பெருமாள் செட்டியார். பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்திலும் இந்த இருவரின் கை உண்டு. 1921-ல் மெட்ராஸ், பம்பாய், வங்காள வங்கிகள் மூன்றும் சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆனது. 1955-ல் அது ஸ்டேட் பேங்க் ஆனது.

ஒரு வங்கிக்கு எதற்கு இவ்வளவு பெரிய அரண்மனை என்று எனக்குத் தோன்றியது. அப்பா சொன்னார்: "அப்பல்லாம் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் ஏது? கட்டடத்தைப் பார்த்துத்தான் ஜனங்க பணத்தைப் போடணும்." 1906-ல் இதே ஊரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனதையும் சொன்னார். அதற்கு அடுத்த வருடம் இந்தியன் பேங்க் தொடங்கியதற்கு அந்த அடிதான் காரணம்.

உள்ளே போனதும் நான் அண்ணாந்து அந்த உயரத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா பார்த்தது கேஷ் கவுண்டரை. வேலை இல்லாமல் பேங்கில் நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் வரிசையில் நின்று, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கினார். கல்யாண மொய்க்கும் அதிலிருந்துதான் எடுத்தோம். கட்டைச் சுற்றியிருந்த சீட்டை மட்டும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2014 ஜூலையில் அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அலமாரியைத் திறந்து பாஸ்புக்கை எடுத்தார். உறைக்குள் அந்தச் சீட்டு இருந்தது. முத்திரையில் இருந்த கிளையின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, பழையபடி உள்ளே வைத்தார்.