வறட்சிக்குப் பின் பெருமழை: சால்மன் ஏன் கடிக்கவில்லை?

நீர்மட்டம் இறங்கத் தொடங்கி, கலங்கல் தெளியும்வரை காத்திருங்கள். வறட்சிக்குப் பின் பெய்த மழையில் ஆறு பொங்கிய மறுநாள் சால்மனுக்குத் தூண்டில் போட்டும் ஒன்றுமே கடிக்கவில்லையா? மீன் இல்லாமல் இல்லை, தூண்டில் அதன் கண்ணில் படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

காய்ந்து இறுகிய மண் முதல் மழையை எளிதில் உறிஞ்சாது. தண்ணீர் பெரும்பாலும் அப்படியே வழிந்து, மாதக்கணக்கில் சேர்ந்த புழுதி, சருகு, சாலை அழுக்கு எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளும். (டயர் துகளிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் கோஹோ சால்மனைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். நகர ஓடைகளில் இதுதான் பெரிய கவலை.) அதேசமயம் முகத்துவாரத்தில் காத்துக் கிடந்த மீன்கள் இந்த வெள்ளத்தோடுதான் மேலேறும்.

கரையோரம் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் வெள்ளம் வடிகிறது. பிறகு பளபளப்பான ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) இறக்கிப் பாருங்கள். அரை மீட்டர் ஆழத்திலும் தெரிந்தால் வீசலாம். நடு ஓட்டம் வேண்டாம். ஓரத்தில் நீர் தணிந்து ஓடும் இடத்தில்தான் மீன் ஒதுங்கி ஏறும்.

மழைக்குப் பிறகும் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் மீனைப் பிடித்து மறுபடி ஆற்றில் விடும் வேலையே வேண்டாம், விட்ட மீன் பிழைப்பது கடினம். வறட்சிக்காக மீன்பிடிக்கத் தடை ஏதும் இருந்தால், மழை பெய்ததாலேயே அது நீங்கிவிடாது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.