கெந்திங் ஏற கார்பன் சக்கரம் வேணுமா?

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்கேன், வயசு 41, எடை 74 கிலோ. பள்ளிக்கூட லீவுல கூட்டாளிங்களோட மலேசியா கெந்திங் மலைக்கு சைக்கிள்ல ஏறப் போறோம். என்னோடது ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட்டு, சக்கர விளிம்பப் புடிக்கிற ரிம் பிரேக்கு, பல்லு முன்னாடி 52/36, பின்னாடி 11-28. இங்க இருக்கற சின்ன குன்று மவுண்ட் ஃபேபர் ஏறவே முட்டி கெஞ்சுது. கடையில 1,800 வெள்ளிக்கு கார்பன் சக்கரம் போட்டா பறந்துரலாம்னாங்க, நானும் 300 வெள்ளி டெபாசிட் கட்டிட்டேன், இப்ப வீட்ல ஒரே திட்டு. காசு திரும்ப வருமா?

பதில்: தம்பி, திட்டுனவங்க சரியாத்தான் திட்டியிருக்காங்க. அந்த சக்கரத்துல அரை கிலோ கொறையும்னு வச்சுக்குவோம். நீங்க, சைக்கிள், தண்ணி எல்லாம் சேத்து 85 கிலோ, அதுல அரை கிலோன்னா 0.6 சதவீதம், ரெண்டு மணி நேர ஏத்தத்துல முக்கால் நிமிஷம் கூட மிச்சமாகாது. ஒரு சின்ன போத்தல் தண்ணிய கீழயே வச்சிட்டு போனா அதே கணக்குதான், அதுக்கு 1,800 வெள்ளியா!

உங்க பிரச்சனை எடை இல்ல, கியர் பல்லு. இப்ப உங்ககிட்ட இருக்கறதுலயே லேசான கியர் 36க்கு 28, நிமிஷத்துக்கு 60 தடவை மிதிச்சாலே வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் ஆயிடும், 10 சதவீத சரிவுல அந்த வேகத்த தாங்க 220 வாட்டுக்கு மேல வேணும், அது இல்லாதப்ப மிதி மெதுவாகி பாரம் பூரா முட்டிக்குத்தான் போவும். ஃபேபர் 100 மீட்டர் சொச்சம்தான், பல்லக் கடிச்சிட்டு ஏறிடலாம். கெந்திங் உச்சி 1,700 மீட்டருக்கு மேல, அதுவும் வழியில இருக்கற கோத்தோங் ஜெயா ஊரத் தாண்டி வர்ற கடைசி ஏத்தம்தான் ஆள சாப்புடும், அதுக்குள்ள காலும் செத்திருக்கும்.

அதனால பின்சக்கரத்துல 11-34 கேசட், அதாவது பல்லுச் சக்கர அடுக்கு, போடுங்க. மிதிக்கிற பாரம் சுமார் 18 சதவீதம் கொறையும், எந்த கார்பனும் தராது இத. ஆனா ஒண்ணு, பின்னாடி செயின கியர் மாத்துற உங்க டீரெய்லர் ஷார்ட் கேஜா (குட்டை கையா) இருந்தா 30 பல்லுக்கு மேல தாங்காது, லாங் கேஜ் (நீள கை) மாத்தணும், செயினும் நீளமா புதுசு போடணும். இந்த 11-34 கேசட்டு 105ன்னா, 11 ஸ்பீடு ரோடு ஹப்புல (சக்கரத்தோட நடு குடத்துல) 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் ஒண்ணு பின்னாடி போகணும், அத மறந்துட்டு இறுக்குனா கேசட் ஆடும், அவசரத்துல மாட்டுற கடைகள்ல இது நடக்கற கூத்துதான், கூடவே நின்னு பாருங்க. கூலியோட சேத்தாலும் அந்த சக்கர விலையில அஞ்சுல ஒரு பங்கு வராது.

இன்னொண்ணு, ஏறுறத மட்டும் பாக்காதீங்க, எறங்கணும்ல? ரிம் பிரேக்குல கார்பன் ரிம் போட்டு நீளமான எறக்கத்துல பிரேக்க புடிச்சிட்டே வந்தா ரிம் சூடேறி கெட்டுப்போற ஆபத்து உண்டு. இப்ப இருக்கற அலுமினியம்தான் அதுக்கு நல்லது. விட்டு விட்டு புடிங்க, பிரேக் கட்டையையும் மலைக்கு முன்னாடி மாத்திடுங்க.

டெபாசிட் கதைக்கு வருவோம். லெமன் லாங்கற சட்டம் பழுதான பொருளுக்குத்தான், மனசு மாறுனதுக்கு இல்ல. நேரா கடைக்குப் போயி வாங்குனதுக்கு அஞ்சு நாளுக்குள்ள ரத்து பண்ற கூலிங் ஆஃப் எல்லாம் கிடையாது, அது வீடு தேடி வந்து விக்கிறவங்க மாதிரி சில வியாபாரத்துக்குத்தான். ரசீதுல "திரும்பத் தரமாட்டோம்"னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. சண்டை போடாம, "இந்த 300 வெள்ளிய கேசட்டு, டீரெய்லர், செயினு, கூலிக்கு வரவு வச்சுக்குங்க"ன்னு கேளுங்க, கடைக்கும் வியாபாரம் போகாது, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. சக்கரத்த இன்னும் வரவழைக்கலன்னா இன்னும் சுலபம், அதனால நாளைக்கே போங்க. பேசறத வாட்ஸ்அப்ல எழுத்துல வச்சுக்குங்க, முடியாதுன்னா அத காட்டி கேஸ்ங்கற சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துல ஆலோசனை கேக்கலாம்.