தன்னைத்தானே அறிவதை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியுமா? ஸ்டீபன் ஃபிளெமிங்கின் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முடியும். எப்படி என்று சொல்வதற்கு முன், இதை நான் எதற்காகத் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. மூன்றாம் நாள் மருத்துவர் வந்து, "இடது கையைத் தூக்குங்க ஐயா" என்றார். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. "தூக்கிட்டேனே டாக்டர்" என்றார் அப்பா. "அப்பா, கை அசையவே இல்லப்பா" என்றேன். "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து நடக்க முயன்று இரண்டு முறை விழப்போனார். பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்து நானும் சத்தம் போட்டேன். அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அப்பா பொய் சொல்லவில்லை, வீம்பு பிடிக்கவும் இல்லை என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். இந்த நிலைக்கு அனோசக்னோசியா என்று பெயர். 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி வைத்த பெயர் அது. அப்பாவுக்கு எங்கள் எல்லோர் பெயரும் நினைவிருந்தது, பேச்சில் தடுமாற்றம் இல்லை, மனக்கணக்குகூடப் போட்டார். தன் கை வேலை செய்யவில்லை என்கிற ஒரு செய்தி மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை. அப்படியானால், ஒன்றைச் செய்வது வேறு, அதைச் செய்கிறோமா இல்லையா என்று அறிவது வேறு. இரண்டாவதற்கு மூளையில் தனியாக ஒரு வேலை நடக்க வேண்டும். அது என்ன வேலை என்று தேடிப் போனபோதுதான் ஃபிளெமிங்கின் ஆய்வுகள் கண்ணில் பட்டன.

அவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் அறிதல் நரம்பியல் ஆய்வாளர். அவருடைய துறைக்கு மெட்டாகாக்னிஷன் என்று பெயர். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. தமிழில் மீயறிதல் என்று சொல்லலாம். அதாவது நம் சிந்தனையைப் பற்றியே நாம் சிந்திப்பது. "இந்தப் பதில் எனக்குத் தெரியும்", "இங்கே தப்புப் பண்ணிட்டேன் போலிருக்கே" என்று உள்ளுக்குள் ஓடும் கணிப்புகள் எல்லாம் இதில் அடங்கும்.

இதை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "உங்களைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?" என்று நேராகக் கேட்டுப் பயனில்லை. அந்தப் பதிலைச் சரிபார்க்க வழி கிடையாது. ஃபிளெமிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலைத் தாண்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 32 பேரைத் திரைமுன் உட்கார வைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படங்கள் மின்னி மறையும். இரண்டிலும் கோடு போட்ட ஆறு சிறு வட்டங்கள். அவற்றில் ஒரே ஒரு வட்டம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். அது இருந்தது முதல் படத்திலா, இரண்டாவதிலா? பதில் சொன்னதும், அந்தப் பதில் எவ்வளவு உறுதி என்று 1 முதல் 6 வரை ஓர் எண் தர வேண்டும். இதை நூற்றுக்கணக்கான முறை செய்தார்கள்.

சாமர்த்தியம் எங்கே என்றால், ஆளுக்கு ஆள் கேள்வியின் கடினத்தைக் கணினி ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. அதனால் கூர்மையான பார்வை உள்ளவரும் சரி, சுமாரான பார்வை உள்ளவரும் சரி, நூற்றுக்கு ஏறக்குறைய 71 கேள்விகளுக்குத்தான் சரியாகப் பதில் சொன்னார்கள். திறமையை இப்படிச் சமமாக்கிவிட்டால் மிஞ்சும் வேறுபாடு தன்னறிவில்தான் இருக்க முடியும்.

ஒருவர் எல்லாப் பதிலுக்கும் 6 என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 2 என்கிறார். முதலாமவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றும் அடுத்தவரை அடக்கமானவர் என்றும் சொல்வோம். ஆனால் இந்த அளவுகோலில் இருவருக்கும் தன்னறிவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: எதுவும் இல்லை. சரியான பதிலையும் தவறான பதிலையும் இருவருமே பிரித்துக் காட்டவில்லையே. மூன்றாமவர் சரியாகச் சொன்ன இடங்களில் 5, 6 என்றும் தவறிய இடங்களில் 1, 2 என்றும் தருகிறார். அவருக்குத்தான் தன்னைத் தெரியும். அடக்கத்தைத் தன்னறிவு என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு என்று எனக்குப் புரிய வைத்தது இந்தச் சோதனைதான்.

32 பேரும் இதில் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபட்டார்கள். அவர்களுடைய மூளை ஸ்கேனைப் பார்த்தபோது, தன் பதிலைச் சரியாக எடைபோட்டவர்களுக்கு வலப்பக்க நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் முன்முனையில், சாம்பல்நிறப் பகுதியின் (நரம்புச் செல்கள் செறிந்த திசுவின்) அளவு கூடுதலாக இருந்தது. இதை வைத்து, "தன்னறிவு குடியிருக்கும் இடம் இதுதான்" என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். எதனால் எது என்பதை ஸ்கேன் சொல்லாது.

அடுத்த படி 2014இல் பிரெயின் இதழில் வந்தது. அந்தப் பகுதியே பாதிக்கப்பட்ட நோயாளிகளைச் சோதித்தார்கள். கண்ணால் பார்த்து முடிவெடுப்பதில் அவர்களுக்குக் குறை இல்லை. எடுத்த முடிவு சரியா தவறா என்று எடைபோடுவதில்தான் சறுக்கினார்கள். அதிலும் ஒரு நுணுக்கம்: நினைவாற்றல் சோதனையில் அதே ஆட்கள் தங்களைச் சரியாகவே எடைபோட்டார்கள். அப்படியென்றால் தன்னறிவு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பொருள் அல்ல. ஒன்றில் தன்னை நன்றாக அறிந்தவர் இன்னொன்றில் அறியாமல் இருக்கலாம்.

அப்பாவுக்கு நேர்ந்ததும் இந்த ஆய்வில் உள்ளதும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. கை அசைவைப் பற்றிய அறிவு பழுதாவதில் மூளையின் வேறு பல பகுதிகளும் சம்பந்தப்படுகின்றன. ஆனால் அடிப்படை ஒன்று: தன்னைப் பற்றிய செய்தியும் மூளை உழைத்து உருவாக்கும் செய்திதான்.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டும் 2018இல் வந்தவை. கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்து இணையவழியில் செய்த ஒன்றில், பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக உள்ளவர்கள் தங்கள் பதில்மேல் குறைந்த நம்பிக்கையே வைத்தார்கள். ஆனால் சரியையும் தவறையும் பிரித்தறிவதில் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் "உனக்கு உன்னைப் பற்றித் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொன்று அரசியல் நம்பிக்கை பற்றியது. இடது, வலது என்று எந்தப் பக்கமானாலும், தீவிரக் கருத்து உடையவர்கள் புள்ளிகளை ஒப்பிடும் சாதாரணச் சோதனையில்கூடத் தங்கள் சரியையும் தவறையும் பிரித்தறிவதில் பின்தங்கினார்கள். அந்தச் சோதனையில் அரசியலின் வாடையே கிடையாது.

நடைமுறையில் இதனால் என்ன பயன்? நான் செய்வதைச் சொல்கிறேன். என் வேலை கணக்குச் சரிபார்ப்பது. ஒரு பக்கத்தை முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 6 வரை ஓர் எண் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் மொத்தத்தோடு ஒப்பிடுவேன். முதல் மாத முடிவில் பார்த்தபோது, காலையில் நான் போட்ட 6 பெரும்பாலும் 6தான். மாலையில் களைத்துப்போய்ப் போட்ட 6களில்தான் பிழைகள் குவிந்திருந்தன. பிழையே செய்யாத ஆளாக இதனால் நான் மாறவில்லை. எந்த நேரத்து உறுதியை நம்பலாம், எதை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. எண்ணை விடையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், "அப்பவே நினைச்சேன்" என்று மனம் கணக்கை மாற்றி எழுதிவிடும்.

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த நிலை பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும் என்றார்கள். அவருக்கும் அப்படித்தான் ஆனது. ஒருநாள் காலையில் போர்வையை விலக்கி இடது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கை வரமாட்டேங்குதுடா" என்றார். அழுதார். நானும் அழுதேன். அதுவரை தன்னைத் தொடவே விடாதவர், அன்று மாலை பிசியோதெரபிஸ்ட் வந்ததும் வலது கையால் இடது கையை எடுத்து அவர் முன் வைத்தார்.