இத்தாலியக் கிராமத்தில் பத்து நாள்: எந்த வீட்டை எடுப்பது?

கேள்வி: அக்டோபர் நடுவில் சென்னையிலிருந்து கிளம்பி, டஸ்கனியின் வால் தோர்ச்சா பகுதியில் 10 இரவு தங்கப் போகிறோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 71 வயது அம்மா. கார் ஓட்டுவது நான் மட்டும். பியென்சாவுக்கு 7 கி.மீ. தள்ளித் தோட்டத்துக்கு நடுவே ஒரு தனிக் கல்வீடும், சான் குவிரிக்கோ ஊருக்குள் முதல் மாடியில் ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறோம். வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

பதில்: ஊருக்குள் இருக்கும் வீட்டையே எடுங்கள். கல்வீட்டின் படங்கள் ஆசையைத் தூண்டும், சந்தேகமில்லை. ஆனால் காலை ரொட்டிக்கும் பாலுக்கும் மாத்திரைக்கும் ஒவ்வொரு தடவையும் கார் எடுக்க வேண்டும், ஓட்டுவதோ ஒரே ஆள். அம்மாவுக்கு ஒரு நாள் அலுப்பாக இருந்தால் கல்வீட்டில் அவர் நாள் முழுக்கத் தனியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சான் குவிரிக்கோவில் அவரே இறங்கி, மதிலை ஒட்டியுள்ள ஹோர்த்தி லியோனினி தோட்டம்வரை நடந்துவிட்டு வரலாம். ஊர் பெரும்பாலும் சமதளம். மலைமேல் செங்குத்தாக ஏறும் மோன்தெபுல்சானோவில் இது முடியாது.

சுற்றிப் பார்க்கவும் இடம் தோதானது. காசியா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. வெந்நீர் ஊற்றுள்ள பாஞோ விஞோனி ஏறக்குறைய 5 கி.மீ., பியென்சா 10, மோன்தல்சீனோ 15, சியேனா 45.

கல்வீட்டின் அந்த 7 கி.மீ. கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். தனி வீடுகளுக்குக் கடைசி இரண்டு மூன்று கி.மீ. பெரும்பாலும் ‘ஸ்ட்ராதா பியாங்கா’ எனப்படும் சரளைச் சாலைதான். வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றிப் பார்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். மழை பெய்தால் சரிவுகளில் சக்கரம் வழுக்கும். வாடகைக் கார்க் காப்பீட்டில் டயரும் அடிப்பாகமும் பல நேரம் சேராது. அக்டோபர் நடுவில் மாலை ஆறரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும், உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் திறப்பதோ ஏழரைக்கு மேல். ஆக, தினமும் இருட்டில்தான் திரும்புவீர்கள். காட்டுப்பன்றியும் மானும் குறுக்கே ஓடும் நேரமும் அதுதான்.

ஊர் வீட்டிலும் கேட்டுத் தெளிய வேண்டியவை உண்டு. முதலில் படிக்கட்டு. பழைய வீடுகளில் லிஃப்ட் அபூர்வம். எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று கேட்டு, படிக்கட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தில் படுக்கையறையும் சன்னலும் இருக்கும், படிக்கட்டு மட்டும் இருக்காது.

அடுத்து மின்சாரம். வருபவர்கள் அதிகம் திண்டாடுவது இதில்தான். இத்தாலியில் வீட்டு இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட், 10 சதவீதம்வரை மீறலாம். இண்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட், தண்ணீர் சூடாக்கி 1.2, அதோடு துணி துவைக்கும் எந்திரமும் ஓடினால் மீட்டர் தானே துண்டித்துவிடும். அந்த மீட்டர் வீட்டுக்குள் இல்லாமல் கீழ்த்தளத்திலோ தெருவோரப் பெட்டியிலோ இருக்கலாம், பெட்டிக்குப் பூட்டும் இருக்கலாம். எனவே இணைப்பு எத்தனை கிலோவாட், மீட்டர் எங்கே, சாவி யாரிடம் என்று முன்பே கேளுங்கள். 4.5 அல்லது 6 என்று பதில் வந்தால் நிம்மதி. ஊரிலிருந்து அலுமினியக் குக்கர் கொண்டுபோனால் இண்டக்‌ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற குக்கராகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

குளிரையும் மறக்கக் கூடாது. சூடேற்றியை எப்போது போடலாம் என்பதை அங்கே அரசே வகுத்திருக்கிறது. நாட்டைக் குளிருக்கேற்ப மண்டலங்களாகப் பிரித்து, ‘இ’ மண்டலத்தில் அக்டோபர் 15 முதல், ‘டி’ மண்டலத்தில் நவம்பர் 1 முதல் என்று தேதி வைத்திருக்கிறார்கள். கல் சுவர்கள் இரவில் சில்லிட்டுப் போகும். நீங்கள் போகும் நாட்களில் சூடேற்றி ஓடுமா, செலவு வாடகையில் அடக்கமா, இல்லை மீட்டர் பார்த்துத் தனியே வாங்குவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எரிவாயுத் தொட்டி வைத்த தனி வீடுகளில் இந்தத் தொகை கையைக் கடிக்கும்.

கார் நிறுத்தம்: வெள்ளைக் கோட்டுக்குள் இலவசம், நீலத்தில் கட்டணம், மஞ்சள் ஒதுக்கீடு. வீடு ‘ஸெட்.டி.எல்.’ எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருந்தால், உங்கள் கார் எண்ணை வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டும். வாடகைக் காரின் எண் கையில் கிடைக்கும்போதுதான் தெரியும் என்பதால், சாவி வாங்கிய உடனே எண் பலகையைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். எல்லையைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடும். வெளிநாட்டவருக்கு அபராத ஓலையை 360 நாட்களுக்குள் அனுப்ப அங்கே சட்டம் இடம் தருகிறது. கார் நிறுவனமும் தன் பங்குக்குத் தனிக்கட்டணம் பிடிக்கும். கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் இந்திய உரிமம் அங்கே போதாது. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பணம் கட்டுமுன் விளம்பரத்தில் ‘சி.ஐ.என்.’ எனும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு இது கட்டாயம். எண்ணில்லாத வீட்டைத் தள்ளிவிடுங்கள். எரிவாயுக் கசிவு, கார்பன் மோனாக்சைடு இரண்டுக்கும் எச்சரிக்கைக் கருவிகளும் தீயணைப்பானும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். போய்ச் சேர்ந்ததும் நான்கு பேர் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் அனுப்புவது வீட்டுக்காரரின் கடமை, தயங்காமல் காட்டலாம். தங்கும் வரியைப் பல ஊர்களில் நேரில் ரொக்கமாகவே கேட்கிறார்கள், சில்லறை யூரோ வைத்திருங்கள்.

ஓட்டும் திட்டத்தையே கைவிட நேர்ந்தால் வால் தோர்ச்சாவை விட்டுவிடுங்கள். அங்கே பேருந்துகள் ஞாயிறன்று வெகுவாகக் குறையும், சில தடங்கள் பள்ளி நாட்களில் மட்டுமே ஓடும். அப்போது டஸ்கனிக்குப் பக்கத்து மாநிலமான உம்பிரியாவின் ஸ்பெல்லோ ஊரில் வீடு பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து மதில்வாசலுக்கு நடந்தே போகலாம், அசிசிக்கும் பெருஜியாவுக்கும் அதே தடத்தில் ரயில் உண்டு. ஊரின் மேற்பகுதி ஏற்றம் என்பதால், அம்மாவுக்காகக் கீழ் வாசலை ஒட்டிய வீடாகத் தேடுங்கள்.