ஜன்னல் உளுத்தால் பெயர்த்துத்தான் ஆக வேண்டுமா?

பழைய வீட்டு ஜன்னல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எங்கள் வீடு எண்பது வருடங்களுக்கு மேல் பழையது. எல்லாம் தேக்கு ஜன்னல்கள். மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல்களில் சட்டத்தின் அடிப்பகுதி மெத்தென்று ஆகிவிட்டது. கம்பி இறங்கும் இடங்களில் மரம் பிளந்திருக்கிறது. மொத்தமாகப் பெயர்த்துவிட்டு யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அவசரப்பட்டுப் பெயர்க்க வேண்டாம். கூர்மையான ஸ்குரூ டிரைவரை எடுத்து, அடிச்சட்டத்தில் தொடங்கி இரு பக்கக் கால்களிலும் அங்குலத்துக்கு ஒரு தடவை குத்திக்கொண்டே மேலே போங்கள். எந்த உயரத்தில் முனை இறங்க மறுக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். தேக்குச் சட்டங்களில் பெரும்பாலும் அடியிலிருந்து நான்கைந்து அங்குலம்தான் கெட்டிருக்கும். அதற்கு மேல் வைரம் பாய்ந்த கட்டை அப்படியே இருக்கும். அந்தத் தரத்தில் மரம் இன்று வாங்கப் போனால் சுலபத்தில் கிடைக்காது. நான்கு அங்குலம் கெட்டதற்காக ஐந்தடி ஜன்னலைத் தூக்கிப் போடுவது பெரிய நஷ்டம்.

பிளவுக்குக் காரணம் கம்பி. மழை நீர் கம்பி வழியாக இறங்கி அடித்துளையில் தேங்குகிறது. இரும்பு துருப்பிடித்தால் முன்பிருந்ததைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில்தான் சட்டம் வாய் பிளக்கிறது. பிளவில் மேலும் தண்ணீர் இறங்குகிறது, மரம் மக்குகிறது. அதனால் கம்பியைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால் சில வருடங்களில் அதே இடம் மறுபடி பிளக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓட்டு விளிம்பு உடைந்திருக்கலாம், மழைநீர்க் குழாய் ஒழுகலாம், சன்ஷேடின் அடியில் சொட்டு விழுவதற்கான காடி (நீளப் பள்ளம்) இல்லாமல் இருக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் சட்டத்தைச் சுற்றி யாராவது சிமென்ட் பூசியிருந்தால் அதையும் கவனியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. அடைபட்ட ஈரம் மரத்துக்குத்தான் போகும். அந்தச் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை வையுங்கள்.

இனி ஒட்டுப் போடும் முறை. பக்கக் காலில் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு அங்குலம் நல்ல மரத்தையும் சேர்த்துச் சாய்வாக அறுக்க வேண்டும். அந்தச் சாய்வு வீட்டுக்கு வெளிப்பக்கமாக இறங்கட்டும். உள்பக்கம் இறங்கினால் மூட்டுக்குள் தண்ணீர் போய் நிற்கும். சாய்வின் நீளம் கட்டையின் கனத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் மூட்டு பலமாக இருக்கும். ஒட்டுக்குப் புதிய ஈர மரம் கூடவே கூடாது, அது காய்ந்து சுருங்கி மூட்டு விட்டுப்போகும். பழைய வீடுகளைப் பிரித்த இடத்துத் தேக்கு உங்கள் காரைக்குடிப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ரேகை ஓட்டம் பழைய கட்டையோடு ஒரே திசையில் இருக்கும்படி துண்டைத் தேர்ந்தெடுங்கள். எபாக்சி பசை தடவி, எவர்சில்வர் திருகு இரண்டு போட்டு, ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் பிடித்து வைக்க வேண்டும். திருகுத் தலையைக் கால் அங்குலம் உள்ளே இறக்கித் தேக்குக் குச்சியால் மூடச் சொல்லுங்கள்.

அடிச்சட்டம் முழுவதுமே போயிருந்தால், கம்பிகளைக் கழற்றாமல் எப்படி மாற்றுவது என்று ஆசாரி தயங்குவார். புதுச் சட்டத்தைக் கம்பி வரிசையின் நடுக்கோட்டில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதியிலும் அரைவட்டக் காடி எடுத்து, உள்ளிருந்து ஒன்றும் வெளியிலிருந்து ஒன்றுமாகக் கம்பிகளைக் கவ்வ வைத்து எபாக்சியால் இணைக்கலாம். அதற்கு முன் கம்பியின் அடி மூன்று அங்குலத்தைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, துத்தநாகம் சேர்ந்த பிரைமர் இரண்டு கோட்டிங் கொடுங்கள். பாதிக்கு மேல் மெலிந்த கம்பி என்றால் அந்த நுனியை வெட்டி, அதே கனத்தில் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மரத்தில் தீப்பொறி படாமல் ஈரச் சாக்கு மறைப்பு அவசியம். காடி கம்பியைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். அந்த இடைவெளியை வளைந்துகொடுக்கும் பாலியூரிதேன் சீலன்டால் நிரப்பி, கம்பியைச் சுற்றி லேசாக மேடு கட்டிவிட்டால் தண்ணீர் தேங்காது. சட்டத்தின் மேல்முகத்தையும் வெளிப்பக்கமாகச் சற்றே சரிவாக இழைத்துவிடுங்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீ காட்டி உரிக்காதீர்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு உப்புத்தாளால் தேய்க்கலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வி: ஜன்னலுக்குக் கீழே தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. கரையானா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கரையான் என்றால் சுவரிலோ சட்டத்திலோ மண் தடம் தெரியும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் வழுவழுப்பான தூளும் இருந்தால் அது உளுவண்டு. அது மரத்தின் வெளிறிய வெள்ளைக்கட்டையைத் தின்னும், வைரத்தைப் பெரும்பாலும் தொடாது. எண்ணெய் கலந்த மரப் பாதுகாப்பு மருந்தை ஊசியில் ஏற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தி, மெழுகால் அடையுங்கள். பிறகு கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை ஒட்டி வையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அதில் புதுத் தூள் விழுந்தால் மறுபடி செலுத்த வேண்டும். வண்டு போன பின், பெயின்ட் எடுத்த வெறும் மரத்துக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் பவுடரும் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசலாம். பெயின்டுக்கு மேல் பூசினால் உள்ளே இறங்காது.

மண் தடம் இருந்தால் ஜன்னலுக்கு மட்டும் மருந்தடிப்பதில் பயனில்லை, கரையான் தரையிலிருந்து வருகிறது. தடத்தைத் தட்டிவிடும் முன் அது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளையாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி வீதம் கலந்து, துளைக்கு ஒரு லிட்டர் இறக்குவது வழக்கம். இதைப் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்; பக்கத்தில் கிணறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வண்ணக் கண்ணாடி வைத்த ஜன்னலில் மக்கு (புட்டி) உதிர்கிறது. கடையில் வாங்கிப் பூசிய மக்கும் ஒரே வருடத்தில் விரிசல் விட்டது. ஏன்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: காய்ந்த மரத்தில் நேரடியாக மக்கு வைத்திருப்பார்கள். மரம் எண்ணெயை உறிஞ்சிவிட, சாக் பவுடர் மட்டும் மிஞ்சி வெடிக்கிறது. காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முதலில் ஆளிவிதை எண்ணெயோ ஆயில் பிரைமரோ தடவிக் காயவிடுங்கள். ஒரு கிலோ சலித்த சாக் பவுடருக்கு ஏறக்குறைய 200 மில்லி காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய மக்குப் படுகை, அதன் மேல் கண்ணாடி, அது நகராமல் பிடிக்கச் சின்ன ஆணி, முன்னால் சாய்வாக மக்கு. புதுக் கண்ணாடி வெட்டுவதாக இருந்தால் காடி அளவைவிட நீளம், அகலம் இரண்டிலும் 3 மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லுங்கள். இறுக்கமாக வைத்தால் மரம் உப்பும்போது உடையும். பெயின்ட் அடிக்க இரண்டு வாரமாவது பொறுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: 1970களில் கட்டிய வீடு, கடற்கரை அருகில். இரும்பு ஜன்னல்களின் அடிப்பட்டி ஓட்டை விழுந்துவிட்டது. பழுது பார்க்கலாமா?
— வாசகி, பெசன்ட் நகர், சென்னை

பதில்: இதில் எங்கள் பதில் வேறு. மேல்துரு மட்டும் என்றால் தேய்த்துப் பிரைமர் அடித்துக் காப்பாற்றலாம். பட்டியே ஓட்டை விழுந்த பின் உப்புக்காற்றில் வெல்டிங் ஒட்டு நீடிக்காது. மாற்றிவிடுங்கள். யுபிவிசி வாங்கினால் உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள இரும்புப் பட்டி இருக்கிறதா என்று வெட்டு முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடிச்சட்டத்தின் வடிதுளைகள் வெளிப்பக்கம் வர வேண்டும். திறப்பின் அளவை மூன்று இடங்களில் எடுத்து, மிகக் குறைந்ததிலிருந்து 10 மில்லிமீட்டர் கழித்துக் கொடுங்கள். சுவரில் பதிந்த பழைய இரும்புக் கால்களை விட்டுவைத்தால் அவை துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளும், கொத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஜன்னல் கதவு இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மழையில் இழைக்காதீர்கள். அப்போது இழைத்தால் பங்குனி வெயிலில் விரலளவு சந்து தெரியும். முதலில் கீல் திருகுகளைப் பாருங்கள். கதவு தொங்கித் தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலை உரசினால் குறை கீலில்தான் இருக்கிறது. துளையில் பசை தடவிய தேக்குக் குச்சியை அடித்து, பழையதைவிடக் கால் அங்குலம் நீளமான திருகைப் போடுங்கள். அதற்குப் பிறகும் இறுகினால், மாசி–பங்குனியில் நன்றாகக் காய்ந்த பின் உரசும் இடத்தை மட்டும் இழைத்து, சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இழைத்த அன்றே பிரைமர் அடியுங்கள். கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பல வீடுகளில் பெயின்டே பார்த்திருக்காது, ஈரம் அங்கேதான் ஏறுகிறது. கதவைக் கழற்றி அந்த இரண்டு முனைகளுக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டு மாட்டுங்கள்.