வகுப்பில் தலையாட்டுகிறார்கள், தேர்வில் விழுகிறார்கள்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் 60 பேர். பாடம் புரிகிறது என்கிறார்கள். ஆனால் இயக்கவியல் தேர்வில் பாதிப் பேர் தேறுவதில்லை. பாதியில் விட்டுப் போகிறவர்களில் பெண்களும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுமே அதிகம். கூடுதல் நிதி கிடையாது. எதை மாற்றலாம்?

பதில்: முதலில் வகுப்பு நேரத்தை மாற்றுங்கள். விரிவுரையும் ஒரே பெரிய தேர்வும் மட்டும் இருந்தால், பள்ளியிலேயே நன்றாகத் தயாராகி வந்தவர் முந்திக்கொள்வார். அதைத் திறமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் மதிப்பெண்களை ஒப்பிட்டார். தொடக்கத்தில் தெரியாதிருந்தவற்றில் வழக்கமான விரிவுரை வகுப்பினர் சராசரியாக 23 சதவீதமே கற்றிருந்தார்கள். மாணவர்கள் விவாதித்துப் படித்த வகுப்புகளில் அது 48.

மாணவர்களே விவாதித்துக் கற்கும் ஒரு முறையை ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரப்பினார். அதற்கு அ, ஆ, இ என்று விடை எழுத்துகள் எழுதிய அட்டைகள் போதும். கணக்கு போடத் தேவையில்லாத ஒரு கேள்வியை எழுதுங்கள். நேர் மேலே எறிந்த பந்து கையை விட்டுப் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, காற்றுத் தடை இல்லை: அதன்மேல் என்னென்ன விசைகள்? ‘மேல்நோக்கிய விசை கொஞ்சம் மிச்சமிருக்கிறது’ என்ற தவறான விடையும் பட்டியலில் இருக்கட்டும். பலர் அதைத்தான் எடுப்பார்கள். இரண்டு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் பார்த்துத் தூக்குவார்கள்.

சரியான விடை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விவாதம் பயன்படாது, நீங்களே திரும்ப விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் ஒரு வரியோடு நகருங்கள். இடையில் இருந்தால், வேறு விடை சொன்னவரைத் தேடி மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி அட்டை கேளுங்கள். இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசிரியரால்தான்: எந்த விடைக்கு எத்தனை பேர் என்று விவாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் எல்லோரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்வார்கள். சரியான விடைக்கு மதிப்பெண் வைத்தாலும் தெரிந்தவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வார். பங்கேற்புக்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள்.

50 நிமிடத்தில் இப்படி மூன்று கேள்விதான் முடியும். சூத்திரங்களைப் படிப்படியாக வருவிப்பதை வீட்டு வாசிப்புக்குத் தள்ளுங்கள். ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்ற முணுமுணுப்பு வரும். 2019-இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். இதை முதல் வாரமே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. அரைகுறையாகச் செய்தால் பலன் கிடைக்காது. அமெரிக்க அறிவியல் வகுப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020 தொகுப்பாய்வில், வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர் செயல்பாட்டுக்கு ஒதுக்கிய இடங்களில்தான் பின்தங்கியவர்களின் மதிப்பெண் இடைவெளி குறைந்தது.

ஆய்வகத்தில், தெரிந்த விடையைச் சரிபார்க்கும் பரிசோதனைகளில் ஒன்றையாவது கைவிடுங்கள். 1 மீட்டர் ஊசலை 10 டிகிரியிலும் 20 டிகிரியிலும் விட்டால் அலைவு காலம் ஒன்றுதானா என்று கேளுங்கள். ஒரே அலைவை அளந்தால் வித்தியாசம் தெரியாது: அது 0.01 விநாடி அளவுதான், ஸ்டாப்வாட்ச் அமுக்கும் கையின் பிழையோ 0.1 விநாடி இருக்கும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து, ஐந்து முறை திரும்பச் செய்தால் வித்தியாசம் வெளியே வரும். பாட நூலின் சூத்திரம் சிறு கோணத்துக்கான தோராயம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எத்தனை அலைவு எடுப்பது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

குழுவுக்கு மூவர் போதும். கருவி ஒருவர் கையிலேயே இருக்கும், பெண் குறிப்பெழுதிக்கொண்டிருப்பாள். இது தானாக மாறாது. கருவி, பதிவு, கணக்கு என்ற பொறுப்புகளை வாராவாரம் சுழற்றுங்கள். முதல் மாதம் இரு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் என்ற அமைப்பைத் தவிருங்கள்.

கோடை ஆய்வுத் திட்டத்துக்கு யாரைச் சேர்க்கிறீர்கள்? வந்து கேட்டவர்களையா? கேட்கலாம் என்றே தெரியாதவர்கள் அங்கேயே வெளியே போய்விடுகிறார்கள். இடம், தகுதி, கடைசி நாள் மூன்றையும் எழுதி வகுப்பிலேயே அறிவித்து, எல்லோரிடமும் ஒரு பக்க விண்ணப்பம் வாங்குங்கள். உதவித்தொகை இல்லாவிட்டால் அதையும் முன்பே சொல்லுங்கள்.

பலனை அளக்க, பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் அடிப்படைக் கருத்துகள் புரிந்தனவா என்று சோதிக்கும் ஒரே தேர்வை வையுங்கள். 40 எடுத்தவர் 70-க்கு வந்தால், மீதமிருந்த 60-இல் 30-ஐப் பிடித்திருக்கிறார், அதாவது 0.5. பெண்கள், முதல் தலைமுறையினர் என்று தனித்தனியாகவும் கணக்கிடுங்கள். ஒரு பிரிவில் ஐந்தாறு பேர்தான் என்றால், இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்த பிறகே அந்த எண்ணை நம்புங்கள்.